ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு 50 வாட் வால்வு கிடார் ஆம்ப் வாங்கினேன். ஆம்ப் தனிப் பெட்டி, ஸ்பீக்கர் கேபினட் தனி. பின்னால் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள்: இரண்டு பெரிய இஎல்34, மூன்று சின்னவை. சத்தம் அருமை, ஆனால் ஆன் செய்ததிலிருந்தே ஓர் உறுமல் கேட்கிறது. பிளக்கில் எர்த் முனையை எடுத்துவிட்டால் போய்விடும் என்று நண்பர் சொன்னார். எடுத்தேன், பாதி குறைந்தது. போன வாரம் ஃப்யூஸ் போனது. அதே அளவு கிடைக்காததால் கொஞ்சம் பெரியதாகப் போட்டிருக்கிறேன். என் கேள்விகள்: இரவில் யாருக்கும் தொல்லை இல்லாமல் வாசிக்க, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டிலிருந்து ஹெட்ஃபோனுக்கு எடுக்கலாமா? ஸ்டாண்ட்பை ஸ்விட்சை எப்படிப் பயன்படுத்துவது? வால்வுகளை எப்போது மாற்றுவது? உறுமல் போகக் கெபாசிட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு சால்டரிங் நன்றாக வரும், நானே மாற்றலாமா?

பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஒன்று எர்த், இன்னொன்று ஃப்யூஸ். இரண்டையும் சரி செய்யும்வரை அந்த ஆம்பை ஆன் செய்யாதீர்கள்.

முதலில் எர்த். உங்கள் கிடாரின் கம்பிகள், பிரிட்ஜ் வழியாக, கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியுள்ள வலை) வழியாக, ஆம்பின் உலோகச் சட்டமான சேஸிஸோடு இணைந்திருக்கின்றன. அதாவது கம்பியைப் பிடித்திருக்கும் உங்கள் விரல், சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருப்பதற்குச் சமம். உள்ளே எங்காவது ஒரு மெயின்ஸ் வயர் தளர்ந்து சேஸிஸில் பட்டால், எர்த் இருந்தால் அந்த நொடியே பெரிய மின்னோட்டம் தரைக்குப் போய் ஃப்யூஸ் அறுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆம்ப் வழக்கம்போலப் பாடும். சேஸிஸும் கிடார் கம்பிகளும் மெயின்ஸ் வோல்டேஜில் காத்திருக்கும். நீங்கள் பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைக்கும்போதுதான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கும். எர்த்தில் எந்தப் பக்கம் கோளாறு இருந்தாலும் இதே கதைதான். ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸி நகரில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல.

எர்த்தை எடுத்ததும் உறுமல் பாதி குறைந்தது என்றீர்களே, அது நல்ல தடயம். உங்கள் ஆம்பும் இன்னொரு கருவியும் (பெடல் பவர் சப்ளை, மிக்ஸர், கம்ப்யூட்டர் என எதுவாகவும் இருக்கலாம்) தனித்தனி எர்த் வழியில் இருக்கின்றன. கேபிளின் ஷீல்டு அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிவிட்டது; அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டம்தான் உறுமலாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் சிக்னல் வழியில் ஓர் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைக்கலாம். வளையத்தைச் சிக்னல் பக்கம்தான் வெட்ட வேண்டும், மெயின்ஸ் பக்கம் ஒருபோதும் கூடாது. கேபிள் எதுவும் செருகாமல், பெடல்களும் இல்லாமல், எர்த்தோடு ஆம்ப் மட்டும் இருக்கும்போதும் கேட்கிற மீதி உறுமல்தான் ஆம்பின் சொந்த உறுமல். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃப்யூஸ் விஷயத்தில் தள்ளுபடி கிடையாது. பின்பக்கத்தில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதே அளவு, அதே வகை. எண்ணுக்கு முன்னால் ஆங்கில T எழுத்து இருந்தால் அது மெதுவாக அறுகிற ஸ்லோ ப்ளோ வகை. அங்கே வேகமாக அறுகிற ஃப்யூஸ் போட்டால் ஆன் செய்தவுடனே காரணமில்லாமல் போகும். பெரிய ஃப்யூஸ் போட்டால், அடுத்த கோளாறில் ஃப்யூஸுக்குப் பதிலாகப் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். ஃப்யூஸ் எளிதில் மாற்றக்கூடிய சின்னப் பொருள். பழைய ஆம்புக்குச் சரியான ட்ரான்ஸ்ஃபார்மர் தேடுவது அப்படியல்ல.

ஃப்யூஸ் ஏன் போனது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிளக்கை உருவி, வால்வுகள் நன்றாக ஆறிய பிறகு, இரண்டு இஎல்34களையும் வெளியே எடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கட்டும். சரியான ஃப்யூஸ் போட்டு ஆன் செய்யுங்கள், ஸ்டாண்ட்பையையும் (வால்வுகள் சூடாகும்வரை ஹைவோல்டேஜைத் தடுத்துவைக்கும் ஸ்விட்ச்) சில நொடி மட்டும் திறந்து, அதாவது வாசிக்கும் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். ஃப்யூஸ் நின்றால், கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டு வால்வுகளிலோ அவற்றின் பயாஸிலோ (வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு) இருக்கிறது. வால்வுகள் இல்லாமலேயே மறுபடியும் அறுந்தால் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் பகுதி), கெபாசிட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றில் ஒன்று. அத்தோடு நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். சில ஆம்புகளில் இரண்டு ஃப்யூஸ் இருக்கும். எந்த விளக்கும் எரியாவிட்டால் மெயின்ஸ் ஃப்யூஸ். வால்வுகள் எரிகின்றன, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஹைவோல்டேஜ் பக்கத்து ஃப்யூஸ்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கலாமா? கூடாது. லைன் அவுட் இருந்தாலும் கூடாது. பல ஆம்புகளில் அந்த லைன் அவுட், ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலிலிருந்தே கொஞ்சம் பிரித்து எடுக்கப்படுகிறது. ஸ்பீக்கர் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை அமைத்திருப்பார்கள்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. வால்வு அதிக வோல்டேஜில் குறைந்த மின்னோட்டத்தைத் தரும். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். நடுவில் இருந்து மாற்றிக் கொடுப்பது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு ஜோடி இஎல்34க்குப் பொதுவாக 3,400 ஓம் அளவுக்குச் சுமை தேவை. ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கும்போது வால்வின் கண்ணுக்கு அது 3,400 ஓமாகத் தெரிகிறது. ஸ்பீக்கரை எடுத்துவிட்டால் சுமையே இல்லை. வாளி அறுந்துபோன கிணற்றுக் கயிற்றை முழு பலத்தோடு இழுத்தவர் பின்னால் விழுவதுபோல, ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தில் சேர்ந்த ஆற்றல் வால்வு பக்கமே திரும்பி அடிக்கும். அந்த அடி சாதாரண வேலை வோல்டேஜைப்போலப் பல மடங்கு இருக்கும். வால்வு சாக்கெட்டின் முனைகளுக்கு நடுவே பொறி பறந்து, பிளாஸ்டிக்கில் கரிக்கோடு விழும். அந்தக் கரிக்கோடு பிறகு நிரந்தரமாக மின்சாரம் போகும் பாதை ஆகிவிடும். அல்லது ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் சுருளின் இன்சுலேஷன் கிழியும். வால்யூமைக் கூட்டக் கூட்ட ஆபத்தும் கூடும். அதிர்ஷ்டம் இருந்தால் சில நிமிடம் தப்பிக்கும், அவ்வளவுதான்.

ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப் வைத்திருந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதில் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் ஒன்றும் ஆகாது, ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனால் செத்துவிடும். வால்வு ஆம்போ கொஞ்ச நேர ஷார்ட்டைத் தாங்கிக்கொள்ளும், திறந்த இணைப்பைத் தாங்காது. அதனால்தான் பல வால்வு ஆம்புகளில், ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் செருகாதபோது அது தானாக ஷார்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். அதை நம்பி வாசிக்க வேண்டாம், மறதிக்கு ஒரு பாதுகாப்பு மட்டுமே.

இரவில் வாசிக்க லோட் பாக்ஸ் வாங்குங்கள். அது ஸ்பீக்கருக்குப் பதிலாக நின்று சக்தியை வெப்பமாக மாற்றிக்கொண்டு, ஹெட்ஃபோனுக்குச் சிறு சிக்னல் தரும். உங்கள் ஆம்பின் ஓம் அளவுக்குப் பொருந்த வேண்டும். 50 வாட் ஆம்புக்கு 100 வாட் தாங்கும் பெட்டியாகப் பாருங்கள். ஏனென்றால் 50 வாட் என்பது சுத்தமான ஒலிக்குச் சொல்கிற கணக்கு, முழுக்கத் திறந்து டிஸ்டார்ஷனில் ஓட்டும்போது வெளியே வருவது அதைவிட நிறைய. பெட்டி சூடாகும், துணிக்குள்ளோ கம்பளத்தின் மேலோ வைக்காதீர்கள்.

ஓம் கணக்கு எளிது. 16 ஓம் கேபினட் இரண்டைப் பாரலலாகச் செருகினால் 8 ஓம். 8 ஓம் இரண்டானால் 4. பின்னாலுள்ள ஓம் செலக்டரை அதற்கேற்ப வையுங்கள், ஆம்ப் ஓடும்போது அதைத் திருப்பாதீர்கள். திருப்புகிற அந்த இடைவெளியில் ஒரு கணம் சுமையே இல்லாமல் போகும். ஸ்பீக்கரின் வாட் அளவும் ஆம்பைவிடக் கூடுதலாக இருக்கட்டும். சிறிய ஸ்பீக்கரின் உள்சுருள் எரிந்து அறுந்தால், அதுவும் ஸ்பீக்கரைக் கழற்றியதற்குச் சமம்தான். இன்னொன்று, கிடார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தவே கூடாது. இரண்டுக்கும் ஒரே ஜாக் என்பதால் வரும் குழப்பம் இது. கிடார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, ஆம்பியர் கணக்கில் மின்னோட்டத்தைக் கொண்டுபோகச் செய்யப்பட்டதல்ல. பிரித்துப் பார்த்தால் தெரியும்: கிடார் கேபிளில் நடுவில் ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றி வலை. ஸ்பீக்கர் கேபிளில் ஒரே தடிமனில் இரண்டு கம்பிகள்.

ஸ்டாண்ட்பை பற்றி இணையத்தில் பெரிய யுத்தமே நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. மெயின்ஸை ஆன் செய்து, ஹீட்டர்கள் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழைகள்) சிவந்து ஒரு நிமிடம் ஆனதும் ஸ்டாண்ட்பையைத் திறங்கள். பாட்டுகளுக்கு நடுவே சின்ன இடைவெளிக்கு மூடலாம். ஒரு மணி நேரம் வாசிக்கப் போவதில்லை என்றால் முழுவதுமாக அணையுங்கள்; ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டு மின்னோட்டம் இல்லாமல் நெடுநேரம் கிடப்பது வால்வின் கேத்தோடுக்கு (எலெக்ட்ரான்களை வெளியிடும் பகுதி) நல்லதல்ல. ஸ்டாண்ட்பை ஸ்விட்சே இல்லாத நல்ல ஆம்புகளும் ஏராளம்.

வால்வுகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஆம்பின் பின்னால் போய் நில்லுங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் எரிவது ஹீட்டர், அது இயல்பு. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல நீல மினுக்கம் தெரிந்து, நீங்கள் வாசிக்கும்போது அது சேர்ந்து அசைந்தால் அதுவும் இயல்பே. விலகி ஓடும் எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. ஆனால் பிளேட்டுகளின் இடைவெளிக்குள் ஊதா மேகம்போலத் தெரிந்தால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது. கண்ணாடியில் பளபளவென்று வெள்ளிப் பூச்சு இருக்கிறதே, அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வெளியில் சாம்பல் நிறத்தில் தெரியும் பெரிய உலோகத் தகடு. அது பிளேட். அதன் ஓரத்திலோ நடுவிலோ ஒரு பொட்டளவு மங்கிய சிவப்பு தெரிந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். ‘இந்தப் பாட்டை முடித்துவிடுகிறேன்’ என்று நினைக்க வேண்டாம். பயாஸ் போய்விட்டது, அல்லது முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது; வால்வு கட்டுக்கடங்காமல் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று பொருள். உங்கள் ஃப்யூஸ் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

சின்ன வால்வுகள், அதாவது 12ஏஎக்ஸ்7 வகை, பல வருடம் உழைக்கும். காரணமில்லாமல் மாற்றாதீர்கள். ஒலியில் மணி அடித்ததுபோல ஒரு ரீங்காரம் வந்தால், ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டுங்கள். கொஞ்சம் டொக்கென்று கேட்பது சகஜம். தட்டியதும் ‘ணங்’ என்று நீட்டி ஒலிப்பவர்தான் குற்றவாளி.

பெரிய வால்வுகளைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடியின் வெப்பம் ஓட்டத்தில் 200 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும், முழுவதும் ஆறட்டும். கண்ணாடியைப் பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து, மிக லேசாக அசைத்தபடி நேராக மேலே இழுங்கள். பலமாக ஆட்டினால் அடியில் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் முளை முறியும். அந்த முளையில் ஒரு மேடு இருக்கும். வால்வை ஒரே திசையில் மட்டும் செருக விடுவது அதுதான். முளை முறிந்த வால்வு எந்தத் திசையிலும் உள்ளே போகும். தவறாகப் போனால் ஹீட்டருக்குப் போக வேண்டிய இடத்தில் ஹைவோல்டேஜ் ஏறும். முளை முறிந்ததை, நன்றாக ஓடினாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

புதிய இஎல்34 போடும்போது மேட்ச் செய்த (ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும்) ஜோடியாக வாங்கி, பயாஸ் அளந்து வைக்கச் சொல்லுங்கள். இந்த வால்வின் பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம், அதாவது 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 39 மில்லி ஆம்பியர். டெக்னீஷியனிடம் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எண் சொல்லாமல் ‘கேட்டுப் பார்த்து செட் பண்ணிட்டேன்’ என்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

இனி அந்த மீதி உறுமல். கிடாரை ஒழுங்காக ட்யூன் செய்து, தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை வாசியுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸாக உள்ள ஊர்களில் கெபாசிட்டர் வயதாகி வரும் உறுமல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதி, சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு இரண்டு தடவை அலைபோல ஏறி இறங்கும். உறுமல் அதைவிட ஓர் ஆக்டேவ் கீழே இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ். அப்போது சந்தேகம் எர்த் வளையம், ஹீட்டர் வயரிங், சின்ன வால்வு ஆகியவற்றின் மேல்தான். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் பாருங்கள். அப்போதும் மாறாமல் 100 ஹெர்ட்ஸ் கேட்டால் ஹைவோல்டேஜைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் களைத்துவிட்டன, அல்லது இரண்டு இஎல்34களும் சமமாக உழைக்கவில்லை. இதற்காகத்தான் சொல்கிறேன், கெபாசிட்டரைக் கழற்றும் முன் வால்வுகளை அளக்க வேண்டும்.

கெபாசிட்டரை நீங்களே மாற்றலாமா? முதல் தடவை தனியாகச் செய்ய வேண்டாம் என்பேன். சால்டரிங் திறமை இங்கே இரண்டாம் பட்சம். 450 வோல்ட் ஏறிய 50 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரில் 5 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது அங்கேயே இருக்கும். வடிக்கும் ரெசிஸ்டர் இல்லாத, அல்லது இருந்து அறுந்துபோன ஆம்பில் மணிக்கணக்கில்கூட. வீட்டு மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வாங்கும் ஷாக் அதன் கண்ணில் படாது.

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து செய்தால், முறை இதுதான்: பிளக் உருவப்பட்டு உங்கள் கண்ணெதிரே மேசைமேல் இருக்க வேண்டும். 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இருபக்கமும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர் சால்டர் செய்து, ஒன்றை முதலில் சேஸிஸில் மாட்டி, மற்றதை ஒரே கையால் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். அடுத்த கை பாக்கெட்டில். மேலே சொன்ன கெபாசிட்டர் 5 நொடியில் 165 வோல்ட்டுக்கும், 25 நொடியில் 3 வோல்ட்டுக்கும் இறங்கும். கணக்கை நம்பாமல் மல்டிமீட்டரில் பாருங்கள். கிளிப்பை எடுத்துவிடாமல் வேலை முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள், ஏனென்றால் காலியான கெபாசிட்டரும் சிறிது நேரத்தில் தானாகக் கொஞ்சம் வோல்டேஜ் ஏறிக்கொள்ளும். ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரம் அல்ல, கெபாசிட்டருக்கும் கேடு. ஒவ்வொரு கெபாசிட்டரையும் தனித்தனியாக அளந்த பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும்.

உங்கள் நிலையில் ஆம்பை டெக்னீஷியனிடமே கொடுங்கள். எர்த் முனையை எடுத்ததையும் எந்த அளவு ஃப்யூஸ் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அந்த ஆம்பைத் தொடப் போகிறவர். வாசித்த உடனே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சூடான வால்வின் உள்ளுறுப்புகள் வண்டிக் குலுக்கலில் இடம் பெயரும். அப்புறம், ஸ்பீக்கர் கேபினட்டையும் நீங்கள் பயன்படுத்தும் அதே கேபிளையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஆம்பில் கோளாறு என்று வருபவற்றில் சில, அந்தக் கேபிளை மாற்றியதுமே சரியாகிவிடும்.